கைபேசியில் வாசிக்க முடிகிறதா?

1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே இதழுக்குப் பெயராக வைத்தார். கூலிக்காரரும் வாங்கிப் படிக்கட்டும் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் மறையும்வரை அதை அவர் நடத்தினார். அவருக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியிருந்தார்.

அன்று வாசகரின் கையில் இருந்தது ஒரு பைசா. இன்று இருப்பது கைபேசி.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 16 விழுக்காடு. பாகூர், நெட்டப்பாக்கம், திருக்கனூர் பக்கத்திலிருந்து பேருந்து ஏறி நகரத்துக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளில் வீட்டில் கணினி இல்லாதவர்கள் பலர். உதவித்தொகை அறிவிப்பு, தேர்வுச் செய்தி, அம்பேத்கர் நூல் என எல்லாமே அவர்களுக்குக் கைபேசித் திரையில்தான் வந்து சேர்கின்றன. அந்தத் திரையில் வாசிக்க முடியாத அறிவிப்பு, அவர்களைப் பொறுத்தவரை வெளியிடப்படாத அறிவிப்புதான்.

எங்கே இடிக்கிறது? முதலில் தாளின் அளவு. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். சாதாரணக் கைபேசித் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டர். தாளில் அச்சிட வைத்திருந்த பக்கத்தை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கிறவர் இரண்டாம் பக்கத்தில் களைத்துவிடுவார். கடைசித் தேதி நான்காம் பக்கத்தில் இருந்தால் அதைப் பார்க்காமலே போவார்.

அடுத்தது எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகத் தெரியும். யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் அதைத் தரமாக ஏற்றது. யூனிகோடில் அடித்தால் எந்தக் கைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

மூன்றாவது, படமாக அனுப்புவது. தாளைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எளிது. ஆனால் படத்தில் இருக்கும் சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. யூனிகோடில் அடித்த தமிழைக் கைபேசியே உரக்க வாசித்துக் காட்டும். படிக்கத் தெரியாத அம்மாவும், கண் மங்கிய தாத்தாவும், பார்வையற்ற மாணவரும் காதால் கேட்டுக்கொள்ளலாம். படமாக அனுப்பினால் பெரும்பாலும் அந்த வழி அடைபடுகிறது.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்து வருகிறது. 2013இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், ஒரே நூலை ஏ4 தாளுக்கும், ஆறு அங்குலத் திரைக்கும், ‘இபப்’ வடிவிலும் தனித்தனியாக வெளியிட்டது. இபப் வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி திரைக்குள்ளேயே மடிந்து இறங்கும். கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே படித்துவிடலாம்.

எழுதுகிற முறையும் மாற வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் உள்ள 5ஆம் விதியை எடுத்துக்கொள்வோம். சட்டப் புத்தகத்தில் அது நீண்ட வாக்கியம். கைபேசிக்கு இப்படி எழுதலாம்:

புகாரை வாயால் சொன்னாலும் காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு நீங்கள் கையெழுத்திட வேண்டும்.

அதன் நகலை உடனே இலவசமாக உங்களிடம் தர வேண்டும்.

பதிய மறுத்தால், புகாரை எழுதி அஞ்சலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்.

தேசிய உதவி எண்: 14566

காவல் நிலைய வாசலில் நிற்பவர் இதை அரை நிமிடத்தில் படித்துவிடுவார். எண்ணைப் படத்துக்குள் வைக்காமல் எழுத்தாக அடித்திருந்தால், தொட்டவுடன் அழைப்பும் போகும்.

பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை அறிவிப்புக்கும் இதே முறை பொருந்தும். யாருக்கு, பெற்றோர் வருமான வரம்பு, கடைசித் தேதி, வேண்டிய சான்றுகள், விண்ணப்பிக்கும் இடம். இந்த ஐந்தும் முதல் திரையிலேயே வர வேண்டும். அரசாணை எண்ணும் முன்னுரையும் கீழே இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து போதும்; மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வெயிலில் தெரியாது.

மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால் அவர் எழுத்துக்குக் காப்புரிமை முடிகிறது. அண்ணல் அம்பேத்கர் 1956இல் மறைந்தார். வாழ்நாளில் அவர் வெளியிட்ட எழுத்துகள் 2017 முதல் பொதுச்சொத்து. மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அயோத்திதாசர் எழுத்துகளுக்கு அந்தத் தடையும் இல்லை. விக்கிமூலத்தில் பழைய நூலின் பக்கப் படத்தை ஒருபுறம் வைத்து, மறுபுறம் எழுத்துகளைத் திருத்தும் வசதி இருக்கிறது. கல்லூரிக் கணினி அறையில் ஒருவர் நாளுக்கு ஒரு பக்கம் திருத்தினால், பத்துப் பேர் ஒரு மாதத்தில் முந்நூறு பக்க நூலைக் கைபேசிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அலுவலகமோ, இயக்கமோ, ஊர் இளைஞர் மன்றமோ, எதையும் அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இருப்பதிலேயே விலை குறைந்த கைபேசியில் அதைத் திறந்து, வெயிலில் நின்று, பெரிதாக்காமல், ஒற்றைக் கையால் படித்துப் பாருங்கள். கடைசி வரிவரை படிக்க முடிந்தால் அனுப்புங்கள்.