ஏன் சட்டென்று கை நீள்கிறது?

சிகாகோ பள்ளிகளில் பதின்வயதுப் பையன்களுக்கு ஒரு விளையாட்டு வைப்பார்கள். இருவரில் ஒருவன் கையில் பந்து. 30 விநாடிக்குள் மற்றவன் அதை வாங்கிவிட வேண்டும். உடனே தள்ளுமுள்ளு, கட்டிப்புரளல். முடிந்ததும் பயிற்சியாளர் கேட்பார்: “பந்தைக் கொடு என்று ஏன் கேட்கவில்லை?” பெரும்பாலும் அது யாருக்கும் தோன்றியிருக்காது.

ஏன் தோன்றவில்லை?

மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்து என்று பட்டதும் மணியடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தசை முறுக்கேறுகிறது. ‘பொறு’ என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும். உணர்ச்சிப் பகுதிகளோ பூப்புப் பருவத்திலேயே சூடுபிடித்துவிடுகின்றன. தூக்கம் கெட்டாலும், வீட்டிலோ தெருவிலோ அடிதடியைப் பார்த்தே வளர்ந்தாலும் அந்த மணி இன்னும் எளிதில் அடிக்கும்.

கூட்டாளிகள் பார்த்தால்?

2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்வயதினர் கூடுதல் ஆபத்தில் இறங்கினார்கள்; பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

எப்படி மாற்றுவது?

பந்து விளையாட்டு ‘பிகமிங் எ மேன்’ பயிற்சியின் ஒரு பகுதி. ‘அவன் முறைத்தானா, சும்மா பார்த்தானா?’ என்று ஒரு கணம் நிதானித்து யோசிக்க அது பழக்குகிறது. 2017-இல் வெளியான ஆய்வின்படி, பயிற்சிக் காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன.

அறிவுரை சொல்லி அல்ல, பழக்கி வருவதுதான் நிதானம்.