கருப்புப் பொடியில் நீலம் காணும் கண்

ஒருவருக்கு இயல்பாக அமைந்த திறன்கள் எவ்வாறு ஒன்றுசேர்ந்து அவருடைய தொழிலை உருவாக்குகின்றன என்பதை அறிய, உளவியல் நூல்களுக்கு முன் கடலூர் மாவட்டத்தின் பீங்கான் தொழிலைக் கவனிப்பது பயன் தரும். வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடிக்கு அண்டை வட்டமான விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு அளிக்கும் அரசுப் பயிலகமும் அமைந்துள்ளன. நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண், அகல் விளக்காகவும் பொம்மையாகவும் மின்சார ஃபியூஸ் கேரியராகவும் இங்கே உருமாறுகிறது.

பீங்கான் என்பது தனியொரு மண்ணன்று. களிமண், ஃபெல்ட்ஸ்பார் என்னும் பாறைத்தாது, குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல் ஆகிய மூன்றையும் பொடித்துக் கலந்த கலவை அது. களிமண் பிடித்த வடிவில் நிற்கும் குழைவைத் தருகிறது. ஃபெல்ட்ஸ்பார் சூளையின் வெப்பத்தில் உருகிக் கண்ணாடித் தன்மை பெற்று மற்றத் துகள்களைப் பிணைக்கிறது. குவார்ட்ஸ் எலும்புக்கூடுபோல் உள்ளிருந்து உருக்குலையாமல் தாங்குகிறது. களிமண் பாதி, மற்ற இரண்டும் கால் கால் பங்கு என்பது பாடநூல்கள் சொல்லும் அடிப்படை அளவு. களிமண் மிகுந்தால் உலரும்போதே வெடிக்கும். ஃபெல்ட்ஸ்பார் மிகுந்தால் சூளைக்குள் பொருள் தொய்ந்துவிடும். ஆகவே, மூன்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு இங்கே பொருளில்லை.

மனிதத் திறனைப் பற்றிய ஆய்வும் ஏறத்தாழ இந்த இடத்துக்கே, ஆனால் நெடுஞ்சுற்றாக, வந்து சேர்ந்திருக்கிறது. 1904-இல் சார்லஸ் ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேய உளவியலாளர், எல்லா அறிவுச் செயல்களுக்கும் அடியில் பொதுவான ஓர் ஆற்றல் இருப்பதாகக் கூறினார். அமெரிக்கரான தர்ஸ்டன் 1938-இல் அதனை மறுத்து, சொல்வளம், எண் திறன், இடவுணர்வு, நினைவாற்றல் முதலான ஏழு அடிப்படைத் திறன்களைப் பிரித்துக் காட்டினார். இடவுணர்வு என்பது ஒரு பொருளைக் கண்முன் இல்லாமலேயே மனத்தில் திருப்பிப் பார்க்கும் ஆற்றலாகும். பின்னர் டொனால்டு கிளிஃப்டன் என்ற உளவியலாளர், பணியிடங்களில் வெளிப்படும் இயல்புகளை 34 வகைகளாகத் தொகுத்து, ஒவ்வொருவரிடமும் மேலோங்கி நிற்கும் ஐந்தைக் கண்டறியும் சோதனையை உருவாக்கினார். முப்பத்துநான்கிலிருந்து ஐந்தைத் தேர்வதற்கு 2,78,256 வழிகள் உள்ளன என்ற எளிய கணக்கே, ஒரே திறன் பெற்ற இருவர் ஏன் ஒரே தொழிலாளராக அமைவதில்லை என்பதை ஓரளவு விளக்கிவிடுகிறது.

பீங்கான் கூடத்தின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்பவர், பொம்மையின் மேடு அச்சில் பள்ளமாகும் என்பதை மனத்தில் தலைகீழாகக் காண வேண்டும். அதற்கு இடவுணர்வு போதும். ஆனால் மண் உலர்ந்து வெந்து முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சில கலவைகளில் அதற்கும் மேலாகச் சுருங்கிவிடுவதால், அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாக்கும் எண் திறனும் அவருக்கு வேண்டும். அந்த இடவுணர்வோடு எண் திறன் சேராமல் கைநயம் மட்டும் சேர்ந்தவர் சிறந்த சிற்பியாகலாம். ஆனால் அவர் செய்த மூடி ஜாடிக்குப் பொருந்துவது ஐயமே.

வண்ணம் தீட்டுபவரின் நிலை இன்னும் விந்தையானது. தூரிகையில் அவர் தொடும் கோபால்ட் ஆக்சைடு கருப்புப் பொடி. சூளையிலிருந்து வெளிவரும்போதே அது நீலமாகிறது. ஆகையால் நிறங்களை நுட்பமாகப் பிரித்தறியும் கண்ணோடு, கண்ணுக்குத் தெரியாத நிறத்தை நினைவிலிருந்து எழுப்பும் ஆற்றலும் அவரிடம் கூட வேண்டும். சூளையைக் காப்பவரிடமோ அதே நிறநுட்பம் பொறுமையோடு சேர்கிறது. மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, வெண்மஞ்சள் என்று தணலின் நிறம் ஏறுவதைக் கொண்டு வெப்பத்தை மதிப்பிடுவது, வெப்பமானிக் கருவிகள் வருவதற்கு முன் சூளைக்காரரின் முதன்மை அறிவாக இருந்தது. ஒரே கண், துணை மாறியதும் தொழிலும் மாறிவிடுகிறது.

இவ்வுண்மைக்கு உலகறிந்த சான்று, 1730-இல் இங்கிலாந்தின் குயவர் குடும்பமொன்றில் பிறந்த ஜோசையா வெட்ஜ்வுட் ஆவார். இளமையில் கண்ட பெரியம்மை அவருடைய வலது முழங்காலை வலுவிழக்கச் செய்ததால், காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தில் தொடர்ந்து வேலை செய்ய இயலாமற்போயிற்று. 1768-இல் அந்தக் காலையே வெட்டியெடுக்க நேர்ந்தது. கைத்திறன் மட்டுமே அவருடைய முதலாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஓயாமல் சோதித்துப் பார்க்கும் ஆர்வமும், ஒவ்வொரு சோதனையையும் எண்ணிட்டுக் குறித்துவைக்கும் ஒழுங்கும் அவரிடம் இணைந்திருந்தன. அந்த இணைப்பு அவரை மெருகுப் பூச்சு ஆய்வுக்குத் திருப்பியது; ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு ஜாஸ்பர் என்னும் புதுவகைப் பாண்டம் பிறந்தது. சூளையின் உயர்வெப்பத்தை, களிமண் துண்டு சுருங்கும் அளவைக் கொண்டு அறியும் கருவியை அவர் 1782-இல் அமைத்தார். மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. தம்மிடம் குறைந்திருந்த நாகரிக உலகத் தொடர்பையும் கலை ரசனையையும், தாமஸ் பென்ட்லி என்ற வணிகரைப் பங்காளியாக்கிக்கொண்டு அவர் நிரப்பினார் என்பதையும் மறந்துவிடலாகாது. தன் கலவையில் எது குறைவு என்று அறிவதும் ஒரு திறனே.

திறன் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. கிளிஃப்டனுடையது போன்றவை, ஒருவர் தம்மைப் பற்றித் தாமே அளிக்கும் விடைகளை நம்பியிருப்பவை. செய்து பார்த்திராத வேலையைப் பற்றி யாரும் சரியாக விடையளிக்க முடியாது. நம் பள்ளிகளின் மதிப்பெண் பட்டியலோ, அச்சுக்காரரின் இடவுணர்வையும் சூளைக்காரரின் பொறுமையையும் ஒருநாளும் அளந்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் பிள்ளைக்கு என்ன படிப்பு என்று திட்டக்குடி வட்டாரத்துப் பெற்றோர் தேடும் கோடை மாதங்களில், பள்ளிகள் மாணவரை ஒருநாள் விருத்தாசலத்துக்கு அழைத்துச்சென்று, மண் கரைப்பது முதல் சூளை அடுக்குவது வரை ஒவ்வொரு வேலையிலும் கைவைத்துப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது.