ரிப்போர்ட் சொல்லாததைச் சொல்லும் ஸ்லைடு!

டெங்கு சீசன் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி, 'பிளேட்லெட் எவ்வளவு?' என்பதுதான். லேப் ரிப்போர்ட்டில் முப்பதாயிரம் என்று இருந்தால் குடும்பமே பதறிப்போகும். ஆனால், அந்த எண் எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ரத்தம் உறையாமலிருக்க டியூபில் சேர்க்கப்படும் ரசாயனமே, சிலருக்கு பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். எண்ணும் மெஷினுக்குக் கொத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'குறைவு' என்று அச்சடித்துவிடும். அதே ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

அப்படிப் பார்க்கும் கண்ணைத்தான் மருத்துவக் கல்லூரிகள் மாணவர்களுக்குப் பழக்குகின்றன.

நாக்கு வடிவில் ஒரு பூச்சு

எம்.பி.பி.எஸ் இரண்டாம் ஆண்டில் பேத்தாலஜி பாடம். ஸ்லைடின் ஒரு முனையில் சிறு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்த்து ஒரே வீச்சில் தள்ள வேண்டும். சொட்டு பெரிதானால் பூச்சு தடித்துவிடும். கை தயங்கினால் வரிவரியாகிவிடும். சரியாக வந்தால் நாக்கு வடிவில், நுனி மெலிந்து நிற்கும். இதற்குப் பெயர் ஸ்மியர். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றுவார்கள். 1901-ல் இதை வெளியிட்ட வில்லியம் லீஷ்மன், இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்.

அடுத்து, பார்க்கப் பழகுவது. சிவப்பணு சின்னதா, பெரிதா என்பதை அருகிலிருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளையணுவின் உட்கருவோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பணுவின் நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் வெளிறியிருக்கும். அதற்கு மேல் வெளிறினால், ஏதோ குறை இருக்கிறது.

எல்லா சோகைக்கும் இரும்பு மாத்திரையா?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவுதான் பெரிய காரணம். ஆனால், அது மட்டுமே காரணமல்ல.

தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்கும் சிவப்பணு சிறியதாகவே இருக்கும். மாணவர்கள் இதற்கு ஓர் எளிய கணக்குக் கற்கிறார்கள். சிவப்பணுவின் சராசரி அளவை (எம்.சி.வி) சிவப்பணு எண்ணிக்கையால், அதாவது மில்லியன் கணக்கில், வகுத்தால் வரும் விடை 13-க்குக் கீழே இருந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். இது துப்பு மட்டுமே. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனைதான் உறுதிப்படுத்தும். கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குத் தீவிர தலசீமியா வர 25 சதவிகித வாய்ப்பு. அதனால்தான், 'சொந்தத்தில் கல்யாணமா?' என்று கேட்கவும் கற்றுத்தருகிறார்கள்.

பி12 குறைந்தால் நிலைமை வேறு. சிவப்பணு பெரிதாகி முட்டை வடிவம் எடுக்கும். நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுவின் உட்கரு ஆறு மடலாகப் பிரிந்திருக்கும். மூன்று வகை அணுக்களும் குறைந்து, ரிப்போர்ட் ரத்தப் புற்றுநோய்போலவே மிரட்டும். ஆனால், பி12 ஊசியில் தேறிவிடக்கூடியது. அதைக் கவனிக்காமல் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் கொடுத்தால், ரத்தம் தேறியதுபோலத் தெரியும். நரம்புகளோ பாழாகிக்கொண்டே போகலாம்.

முதுகுத்தண்டு அல்ல, இடுப்பெலும்பு

ஸ்மியரிலும் விடை கிடைக்காதபோது, ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டும். 'முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்' என்று பயந்து மறுக்கும் குடும்பங்கள் உண்டு. பெரியவர்களுக்கு ஊசி போடுவது பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்பக்கத்தில். அது தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை. இதைப் பொறுமையாக விளக்குவதும் பயிற்சியில் சேர்த்தி. மரத்துப்போக ஊசி போட்டாலும், மஜ்ஜையை உறிஞ்சும் சில விநாடிகள் வலிக்கும் என்பதை மறைக்காமல் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எடுத்த மஜ்ஜையில் 500 அணுக்களை ஒவ்வொன்றாக வகைபிரித்து எண்ணுவது முதுநிலை மாணவரின் வேலை. முதிராத 'பிளாஸ்ட்' அணுக்கள் 20 சதவிகிதத்தைத் தொட்டால், பொதுவாக அது தீவிர ரத்தப் புற்றுநோய். கூடவே எடுக்கும் எலும்புத் துணுக்கைச் சுண்ணாம்புச் சத்து நீக்கி மென்மையாக்க வேண்டும். ரிப்போர்ட்டுக்குச் சில நாள்கள் ஆவது அதனால்தான்.

காத்திருக்கக் கூடாத ஸ்லைடு

சில ஸ்லைடுகளுக்கு நாள் கணக்கில் பொறுக்க முடியாது. பல் ஈறில் ரத்தக்கசிவு, உடம்பில் காரணமில்லாத நீலத்திட்டுகளோடு ஒருவர் வருகிறார். ஸ்மியரில், அணுவுக்குள் விறகுக்கட்டுபோலக் குச்சிகள் தெரிகின்றன. அது 'அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா'. முதல் சில நாள்களிலேயே மூளையில் ரத்தம் கசிந்து உயிரைப் பறிக்கக்கூடியது. ஆனால், அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகிறார்கள். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஏ.டி.ஆர்.ஏ என்ற மருந்தும் ஆர்சனிக்கும் செய்த மாற்றம் இது. மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனேயே ஏ.டி.ஆர்.ஏ-வைத் தொடங்க வேண்டும் என்பதே பாடம். அந்தச் சந்தேகத்தை எழுப்புவது, இரவுப் பணியில் ஸ்லைடைப் பார்க்கும் பயிற்சி மருத்துவரின் கண்ணாகக்கூட இருக்கலாம்.

மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? காய்ச்சல் விட்டும் எண்ணிக்கை சீராகவில்லையா? 'ஸ்மியர் பார்த்தாயிற்றா டாக்டர்?' என்று தாராளமாகக் கேட்கலாம். அதிக செலவில்லாத பரிசோதனைதான்; ஆனால், அது தரும் விடை பெரியது.