துருக்கிக்குச் சென்ற மருத்துவக் குழு

மருத்துவம் பயின்று முடித்த உங்கள் மகனோ, செவிலியாகப் பணிபுரியும் உங்கள் மகளோ ஒரு நாள் உங்கள் முன் வந்து நின்று, இரு வார விடுப்பில் கடல் கடந்து சென்று ஏழை நோயாளிகளுக்கு ஊதியமின்றித் தொண்டு செய்து வர அனுமதி கேட்டால் என்ன விடை பகர்வீர்கள்? மறுக்க மனம் வராது. எனினும் விடை கூறுமுன், நம் நாட்டு முஸ்லிம்கள் முன்பொரு முறை இத்தகைய பணிக்கென ஒரு குழுவை அனுப்பிய வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

1912 அக்டோபரில் பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டினீக்ரோ ஆகிய நான்கு நாடுகளும் உதுமானியத் துருக்கியின் மீது போர் தொடுத்தன. சில வாரங்களுக்குள் துருக்கிப் படை தலைநகரை நோக்கிப் பின்வாங்கியது. குண்டடிபட்டோர் ஒருபுறமிருக்க, வாந்திபேதி பரவிப் படை வீரர்களை வாரிக்கொண்டு போயிற்று. இஸ்தான்புல்லின் புகழ்மிக்க அயாசோபியாப் பள்ளிவாசலே வாந்திபேதி நோயாளிகளைக் கிடத்தும் இடமாயிற்று என்றால், நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மௌலானா முஹம்மது அலீ அவர்கள் தமது 'காம்ரேட்' வார இதழ் வாயிலாக நிதி உதவி கோரினார்கள். இந்திய முஸ்லிம்கள் மனமுவந்து வழங்கினார்கள். குழுவுக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி. நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் எடின்பரோவில் உயர் பட்டங்கள் பெற்று, லண்டன் மருத்துவமனைகளில் பணியாற்றித் தேர்ந்தவர் அவர். (1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் இவரே.) 1912 டிசம்பரில் பம்பாயில் கப்பலேறிய குழு, 1913 ஜூலையில் தாயகம் திரும்பியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்றவர் அனைவரும் மருத்துவர் அல்லர். அலிகர் மாணவர்களும் படிப்பை நிறுத்திவிட்டுப் புறப்பட்டார்கள். பிற்காலத்தில் முஸ்லிம் லீகின் பெருந்தலைவர்களுள் ஒருவராக விளங்கிய சௌத்ரி கலீக்குஸ்ஸமான், காயங்களுக்குக் கட்டுப்போடும் உதவியாளராகவே சென்றார். அறுவை மருத்துவம் அதற்குரியவரின் கையில். கட்டுப்போடுவதும் பணிவிடை செய்வதும் ஏனையோர் கையில். தத்தம் எல்லையை அறிந்து செய்த தொண்டு அது.

இன்றைய குறுகிய காலப் பயணங்களில் இந்த எல்லை சில வேளை மறக்கப்படுகிறது. சொந்த ஊரில் ஊசி குத்தவும் அனுமதியில்லாத மாணவன், ஏழை நாட்டில் தையல் போடத் துணிகிறான். ஏழையின் உடல் பயிற்சிக்கூடம் அன்று. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் பொன்மொழி தரும் கருத்தாகும். அயல்நாடென்பதால் அது தளர்ந்துவிடுமா?

ஆகவே பிள்ளையிடம் கேளுங்கள்: உன்னை அழைத்தது யார், அங்குள்ள மருத்துவர்களா, அல்லது நீயாகவே செல்கிறாயா? அந்நாட்டு அரசின் அனுமதி உண்டா? எல்லாவற்றினும் முக்கியமாக, பதினான்காம் நாள் நீ அறுவை செய்தவருக்குப் பதினைந்தாம் நாள் புண் சீழ்பிடித்தால் பார்ப்பவர் யார்? இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த மாதம் அவர் எங்கே போவார்? அன்சாரியின் குழு ஏறத்தாழ ஏழு திங்கள் பணியாற்றியது. இரு வாரத்தில் செல்பவர், உள்ளூர் மருத்துவருக்குத் துணையாக நிற்பதே தகும். ஓர் அறுவை முறையை அவருக்குக் கற்றுக்கொடுத்துத் திரும்பினால், அந்தத் தொண்டு விமானம் ஏறிய பின்னும் அங்கே நடந்துகொண்டிருக்கும்.

பெற்றோருக்கு வேறோர் அச்சமும் உண்டு. சென்ற பிள்ளை அங்கேயே தங்கிவிட்டால்? அதுவும் நடந்ததுதான். பெஷாவரைச் சேர்ந்த அலிகர் மாணவர் அப்துர் ரஹ்மான், தம் உடைமைகளை விற்றுப் பயணச் செலவைத் தேடிக்கொண்டு அன்சாரியின் குழுவில் சேர்ந்தார் என்பர். பணி முடிந்து குழு திரும்பியபோது அவர் துருக்கியிலேயே தங்கினார். முதல் உலகப் போரில் துருக்கிப் படையில் நின்று போரிட்டார். பின்னர், பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள காபூலில் துருக்கியின் தூதராகவும் அமர்ந்தார். 1925-இல் இஸ்தான்புல் வீதியில் சுடப்பட்டு உயிர் நீத்தார். ரவூப் ஓர்பே என்னும் துருக்கித் தலைவரின் சாயல் அவருக்கு இருந்தது. அவரென்று எண்ணியே சுட்டார்கள் என்று கூறப்படுகிறது.