அமுக்கக் கணக்குகளில் மறக்கப்படும் காற்று

பௌதிகவியல் பயிலத் தொடங்கும் மாணவர், வாயுக்களைப் பற்றிய கணக்குகளையும் திரவ அமுக்கக் கணக்குகளையும் இரு வேறு அத்தியாயங்களிற் கற்கின்றனர். ஒன்றில் போயிலின் விதியும் சாள்சின் விதியும் வருகின்றன. மற்றதில் ஆழம், அடர்த்தி, ஈர்வை ஆர்முடுகல் என்னும் மூன்றின் பெருக்கம் வருகின்றது. சூத்திரங்களை மனனஞ் செய்வதில் எவரும் பின்னிற்பதில்லை. ஆயினும் இவ்விரு அத்தியாயங்களும் ஒரே வினாவிற் சந்திக்கும்போது கெட்டிக்கார மாணவனும் தடுமாறுகின்றான். பெரும்பாலும் அத்தடுமாற்றத்துக்குக் காரணம் சூத்திரமன்று. கண்ணுக்குப் புலப்படாததும், வினாவிற் பெயர் சொல்லப்படாததுமாகிய வளிமண்டலமே காரணம்.

காற்றுக்கு நிறை உண்டென்பதைக் காட்டியவர்களுள் முதல்வராக எண்ணத்தக்கவர் இத்தாலியராகிய தொரிசெல்லி. 1643ஆம் ஆண்டில், ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயை இரசத்தால் நிரப்பி, இரசக் கிண்ணத்திற் கவிழ்த்தபோது, குழாயில் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இரசம் நின்றது. அதனைத் தாங்கி நிற்பது வெளியேயுள்ள காற்றின் அமுக்கமே என அவர் கொண்டார். மனிதர் காற்றுக் கடலொன்றின் அடித்தளத்தில் வாழ்கின்றனர் என்று அடுத்த ஆண்டில் தம் நண்பருக்கும் எழுதினார். 1648இல் பிரான்சு நாட்டுப் பஸ்காலின் வேண்டுகோட்படி அவருடைய மைத்துனர் பூய் டி டோம் என்னும் மலைமீது அத்தகைய குழாயைக் கொண்டு சென்றார். மலையுச்சியில் இரசம் ஏறத்தாழ எட்டுச் சென்ரிமீற்றர் தாழ்ந்து நின்றது. கடலில் மேலெழுந்தால் நீரமுக்கம் குறைவதுபோலக் காற்றுக் கடலிலும் மேலேறினால் அமுக்கம் குறையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நேயர்கள் இனித் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வது நன்று.

கிணற்றின் மேலே வைக்கப்பட்ட பம்பி எவ்வளவு ஆழத்திலிருந்து நீரை எடுக்க வல்லது? பம்பி நீரை 'உறிஞ்சுகின்றது' என்பர். அந்தச் சொல்லே மாணவரை ஏமாற்றுவது. பம்பி தன் குழாயிலுள்ள காற்றை அகற்றுகின்றது; அவ்வளவே அதன் வேலை. கிணற்று நீரின் மேற்பரப்பை அமுக்கிக்கொண்டிருக்கும் வளிமண்டலமே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. ஆகவே, வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்தைத் தரும் நீர் நிரலின் உயரம் யாதென்று கண்டாற் போதும். வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல். நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1,000 கிலோகிராம். ஈர்வை ஆர்முடுகல் 9.8. வகுத்தால் 10.3 மீற்றர் வருகின்றது. எத்தனை குதிரை வலுவுள்ள இயந்திரமாயினும் இந்த எல்லையைக் கடவாது. கசிவும் உராய்வும் சேர, நடைமுறையில் ஏழெட்டு மீற்றருடன் அது களைத்துவிடும். ஆழமான கிணறுகளிற் பம்பியைக் கீழே இறக்கிவைத்து, அங்கிருந்து நீரை மேலே தள்ளச் செய்வதன் காரணம் இதுவே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் 81,000 பாஸ்கல் அளவினது. அங்கே அந்த எல்லை 8.3 மீற்றராகச் சுருங்கிவிடுகின்றது.

அடுத்தது மோட்டார் வண்டியின் ரயர். காலையில் 27 பாகை செல்சியசில் ரயரின் அமுக்கமானி 200 கிலோபாஸ்கலைக் காட்டியது. வெயிலில் நெடுந்தூரம் ஓடியபின் உள்ளிருக்கும் காற்று 57 பாகையை அடைந்தது. ரயரின் கனவளவு மாறவில்லையெனின் அமுக்கமானி எதனைக் காட்டும்? 57ஐ 27ஆல் வகுத்து, 200ஆற் பெருக்கி, 422 என்று விடை எழுதுவோர் உளர். அந்த விடை சரியாயின் ரயர் எப்போதோ வெடித்திருக்க வேண்டும். செல்சியசின் பூச்சியம் பனிக்கட்டி உருகும் புள்ளி. மனிதர் வசதிக்காக வைத்துக்கொண்ட ஓர் அடையாளம். வாயு அதனை அறியாது. 273ஐக் கூட்டித் தனிவெப்பநிலையாக்கினால் 300, 330 என்னும் எண்கள் கிடைக்கின்றன. இதனை அறிந்த மாணவன் 200ஐ 330ஆற் பெருக்கி 300ஆல் வகுத்து 220 என்பான். இவன் பாதி வழி வந்தவன். ரயரின் அமுக்கமானி வெளிக்காற்றிலும் பார்க்க உள்ளே எவ்வளவு மிகுதி என்பதை மாத்திரமே காட்டுகின்றது; காற்றுப் போன ரயரில் அது பூச்சியத்தைக் காட்டுவதே அதற்குச் சாட்சி. உண்மையான அமுக்கம் 200உடன் 101 சேர்ந்த 301 கிலோபாஸ்கல். அது 331 ஆகின்றது. மீண்டும் 101ஐக் கழித்தால் அமுக்கமானி காட்டுவது 230. வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் உண்மையான பூச்சியம் எதுவென்று முதலிற் கேட்பவன் இவ்வகைக் கணக்குகளில் அரிதாகவே தவறுவான்.

திரவ அமுக்கம் ஆழத்தை மாத்திரம் பொறுத்தது. நீர்ப்பரப்பின் விரிவைப் பொறுத்ததன்று. பத்து மீற்றர் ஆழமுள்ள குளத்தின் கட்டு, அடியிலே தாங்கும் அமுக்கம், அதே ஆழமுள்ள ஒடுங்கிய கிணற்றின் அடியில் உள்ளதேயாம். குளக்கட்டு அடியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் அமைவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. இதனை மாணவர் எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர்.

இனி, இரு அத்தியாயங்களும் சந்திக்கும் இடத்துக்கு வரலாம். மன்னார்க் கடலின் முத்துப் பார்கள் ஐந்து முதற் பத்துப் பாக ஆழத்தில் உள்ளவை. 1905ஆம் ஆண்டுச் சலாபம் போன்ற பெருஞ் சலாபங்களில், குளியாளர் கல்லைக் காலிற் கோத்துக் கயிற்றைப் பற்றி இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மீண்டனர். கணக்கின் எளிமைக்காக 20 மீற்றர் ஆழத்தை எடுத்துக்கொள்வோம். மேற்பரப்பில் ஆறு இலீற்றர் காற்றை உள்வாங்கிய ஒருவனின் நுரையீரலில் அக்காற்று அங்கே எவ்வளவு கனவளவினதாகும்?

கடல்நீரின் அடர்த்தி 1,025. அதனை 9.8ஆலும் 20ஆலும் பெருக்கினால் 2,00,900 பாஸ்கல். அதாவது ஏறத்தாழ இரு வளிமண்டலங்கள். எனவே கனவளவு பாதியாகி மூன்று இலீற்றர் ஆகும் என்று மாணவன் எழுதுகின்றான். அவனிடம், பத்து மீற்றர் ஆழத்தில் என்ன நிகழும் என்று கேட்டுப் பார்க்கலாம். அவன் முறைப்படி அங்கு அமுக்கம் ஒரு வளிமண்டலம். எனவே கனவளவு ஆறு இலீற்றரே. பத்து மீற்றர் இறங்கியும் காற்று சிறிதும் சுருங்கவில்லை! விடையின் அபத்தம் அங்கே வெளிப்படுகின்றது. நீரின் தலைமீது நிற்கும் காற்றுக் கடலை அவன் கூட்டவில்லை. கூட்டினால் 20 மீற்றரில் மூன்று வளிமண்டலங்கள். கனவளவு இரண்டு இலீற்றர். உடலின் வெப்பநிலை ஏறக்குறைய மாறாதிருப்பதால் 1662இல் வெளிவந்த போயிலின் விதி இங்கே செவ்வனே பொருந்தும். குளியாளன் மேலே வரும்போது அந்த இரண்டு இலீற்றர் மீண்டும் ஆறாகின்றது; அதற்கு மேல் ஆவதில்லை. அவன் கொண்டு சென்றது மேற்பரப்பின் காற்றன்றோ.

காற்று உருளையைச் சுமந்து இறங்குபவனின் கணக்கு வேறு. அவன் 20 மீற்றர் ஆழத்தில் மூன்று வளிமண்டல அமுக்கமுள்ள காற்றையே சுவாசிக்கின்றான். அங்கு ஆறு இலீற்றரை உள்வாங்கி, அச்சத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே விரைந்தால், அக்காற்று பதினெட்டு இலீற்றராக விரிய முனையும். நுரையீரல் அதற்கு இடங்கொடாது, கிழிந்துவிடும். காற்று எந்த அமுக்கத்தில் அடைபட்டது என்னும் ஒரே வினாவில் இருவரின் உயிர்களும் வேறுபடுகின்றன.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு ஏறினால் அமுக்கம் நான்கிலிருந்து மூன்றாகின்றது. காற்று மூன்றிலொரு பங்கே விரியும். 20இலிருந்து 10க்கு ஏறினால் அரைப் பங்கு விரியும். கடைசிப் பத்து மீற்றரில் அது இருமடங்காகின்றது. ஆழமே ஆபத்து எனப் பலர் எண்ணுவர். அடைபட்ட காற்றைப் பொறுத்தவரை மேற்பரப்பை அண்மித்த நீரே கொடியது. ஒரு மீற்றரளவு ஆழத்திலிருந்து மூச்சடக்கி எழுந்தோருக்கும் நுரையீரல் சிதைந்தமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது.

போயிலின் விதியால் மாத்திரம் தீராத தீங்கொன்றும் உண்டு. மிகுந்த அமுக்கத்தில் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கூடுதலாகக் கரைகின்றது. நெடுநேரம் ஆழத்தில் இருந்தவன் சடுதியாக மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல அது குமிழிகளாக வெளிப்பட்டு, மூட்டுகளையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும். சங்கும் கடலட்டையும் எடுக்க உருளையுடன் இறங்கும் இலங்கைக் குளியாளருள்ளும் இந்நோயாற் கால் இயக்கம் இழந்தோர் உளர். ஒரு நாளிற் பல தடவை இறங்குவோருக்கு இவ்வாபத்து மிகுதி; முதல் முழுகலிற் கரைந்த வாயு உடலினின்றும் முற்றாக நீங்குமுன் அடுத்ததும் சேர்ந்துவிடுகின்றது. எனவே குளியாளரைப் பயிற்றுவோர், மூச்சை ஒருபோதும் அடக்காது விட்டுக்கொண்டே வரும்படியும், நிமிடத்துக்கு ஒன்பது அல்லது பத்து மீற்றருக்கு மேற்படாது ஏறும்படியும், மேற்பரப்புக்கு ஐந்து மீற்றர் கீழே மூன்று நிமிடமாவது தரித்து நிற்கும்படியும் கூறுகின்றனர்.