குழாய்க்குள் ஊரும் பாம்பு

நீராவியையும் எண்ணெயையும் சுமந்து செல்லும் குழாய்களுக்கு நோய் பெரும்பாலும் உள்ளிருந்தே பிறக்கிறது. வெளிப்புறம் வர்ணம் பூசப்பட்டுப் பளபளவென்று இருக்க, உட்சுவரில் அரிப்பும் விரிசலும் ஓசையின்றி வளர்ந்துகொண்டிருக்கும். நெடுந்தூர எண்ணெய்க் குழாய்களில், திரவத்தின் அழுத்தமே தள்ளிக்கொண்டு போகும் ‘பிக்’ என்னும் சாதனத்தைச் செலுத்திப் பரிசோதித்துவிடலாம். ஆனால் ஆலைகளுக்குள்ளே அடிக்கடி வளைந்தும், செங்குத்தாக ஏறியும், வால்வுகளால் இடைமறிக்கப்பட்டும் கிடக்கும் குறுகிய குழாய்கள் அதற்கு வழிவிடுவதில்லை. பொறியியல் அறிஞர்களின் கவனம் காலில்லாத ஜீவராசிகளின்பால் திரும்பியது இதனால்தான்.

சென்ற வாரம் மண்புழுவைப் பார்த்தோம். உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் அடைபட்டுள்ள திரவத்தின் கன அளவு மாறாதாதலால், வளையத் தசை இறுகும்போது அக்கண்டம் மெலிந்து நீள்கிறது. நெடுக்குத் தசை இறுகும்போது குறுகித் தடித்து, வளையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஜப்பானின் சுவோ பல்கலைக்கழகத்தில் தாரோ நாகமுராவின் குழுவினர், ரப்பர்க் குழலின் நெடுக்கே கார்பன் இழைகளைப் பதித்து, இந்தத் தத்துவத்தை யந்திரமாக்கினார்கள். குழலுக்குள் காற்றைச் செலுத்தினால், நீள்வதற்கு இழைகள் இடங்கொடாமையால், அது பக்கவாட்டில் புடைத்து நீளத்தில் சுருங்குகிறது. பற்றுவதற்கு ஒரு கருவி, இழுப்பதற்கு வேறொரு கருவி என்று வேண்டாமல், ஒரே அசைவில் இரண்டும் நிறைவேறிவிடும் இந்த யுக்தி மிகவும் போற்றத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

பாம்பின் விஷயம் வேறு. 1972-லேயே டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஷிகேயோ ஹிரோசே, நெளிந்து ஊரும் யந்திரப் பாம்பு ஒன்றைச் செய்து காட்டினார். அந்த வழியில் பின்னர் வந்தவர்களுள் முக்கியமானவர், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவி சோசெட். ஏறத்தாழ 2 அங்குல விட்டமும் 3 அடி நீளமும் கொண்டு, கணுக்கணுவாக இணைந்து, தலையில் காமிராவும் விளக்கும் தாங்கிய அவருடைய குழுவினரின் பாம்பு, 2013-ல் ஆஸ்திரியாவில் டான்யூப் நதிக்கரையிலுள்ள ட்ஸ்வென்டென்டோர்ஃப் அணுமின் நிலையத்தின் நீராவிக் குழாய்களுக்குள் அனுப்பப்பட்டது. கட்டி முடித்த பின், 1978-ல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் மிகச் சொற்ப வித்தியாசத்தில் வேண்டாமென்று தீர்ப்பாகிவிட்டபடியால், ஒருநாளும் இயங்காத நிலையம் அது. உண்மையான அணுமின் நிலையத்துக்குரிய வளைவுகளும் வால்வுகளும் அப்படியே இருக்க, கதிரியக்கத்தின் அபாயம் மட்டும் இல்லாத இடம் ஒத்திகைக்கு வாய்ப்பது அபூர்வமல்லவா? பல வளைவுகளையும், திறந்திருந்த வால்வுகளையும் கடந்து அந்தப் பாம்பு தன் வழியைக் கண்டுகொண்டது.

குழாய்க்குள்ளே அது உயிருள்ள பாம்பைப் போல நெளிவதில்லை என்பதே இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். உடலைத் திருகுசுருளாக வளைத்துச் சுவரின்மீது அழுத்தி, அந்த நிலையிலேயே உடல் முழுவதும் தன் அச்சில் உருண்டு உருண்டு மேலேறுகிறது; இயற்கையில் எந்தப் பாம்பும் இவ்விதம் சஞ்சரிப்பதில்லை. தலை உருள்வதால் காமிராவின் காட்சியும் சுழன்று, இயக்குபவருக்கு மேலெது கீழெது என்று தெரியாமற் போகும். ஆதலால் புவியீர்ப்பின் திசையை உணர்ந்து, காட்சியை எப்போதும் நிமிர்த்தியே காட்டும் ஏற்பாட்டையும் செய்திருந்தார்கள். பாம்பிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது, சுற்றியுள்ள இடுக்கையே பிடிமானமாக்கிக்கொள்ளும் சுபாவத்தைத்தான். அதன் நடையை அன்று.

இனி எஞ்சியிருப்பது வால். ட்ஸ்வென்டென்டோர்ஃபில் சென்ற பாம்பும் மின்சாரத்துக்கும் கட்டளைக்குமாக ஒரு கேபிளை இழுத்துக்கொண்டே சென்றது. துறைமுகத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றைக் கொண்டு ஒரே ஆள் கப்பலை நிறுத்திவிடுவதைப் போல, குழாயின் ஒவ்வொரு வளைவும் கேபிளைப் பற்றிக்கொள்ள, இழுக்க வேண்டிய விசை கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்ந்துவிடுகிறது. மின்கலத்தை உடலிலேயே சுமக்கச் செய்தால் பாம்பு பருத்துவிடும். நடுவழியில் அது நின்றுபோனாலோ, வெளியே இழுத்தெடுக்க அந்தக் கேபிள்தான் கதி. கேபிளே தன்னைத்தான் முன்னே தள்ளிக்கொண்டு செல்லுமாறு செய்ய முடியுமா என்பதை அடுத்த இதழில் ஆராய்வோம்.