அடுத்தவர் படிக்கும் நிரல்

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. எதிரில் இருப்பது அசல் சர்வர்தானா என்று சரிபார்க்கும் நிரலில் ஓட்டை. ‘சோதனை தவறினால் வெளியேறு’ என்ற இடத்தில் ‘வெளியேறு’ என்னும் வரி இரண்டு முறை விழுந்திருந்தது. முதலாவது நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாதது. எனவே நிரல் எப்போதும் அங்கேயே வெளியேறிவிடும். கீழே இருந்த கையொப்பச் சோதனை நடக்கவே நடக்காது. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால் ‘எல்லாம் சரி’ என்றே விடை போகும்.

இலக்கணப்படி பிழையில்லாத நிரல் என்பதால் கம்ப்யூட்டர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் மனிதக் கண்ணும் ஏமாந்தது. நிபந்தனைக்கு உட்பட்டதை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால், கூடுதல் வரி உள்ளே விழுந்தாலும் கெடுதல் இல்லை. வெளியே விழுந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

நிரலை எழுதுவது ஒரு முறை. படிப்பது பல முறை. ‘அ = ஆ * 0.18’ என்ற வரியைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்? ‘வரி = விலை * ஜிஎஸ்டி_விகிதம்’ என்றால் விளக்கமே வேண்டாம். விகிதம் மாறினால் எங்கே திருத்துவது என்பதும் தெரியும். பைத்தான் 3 நிரல்மொழியில் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஒருவர் எழுதியதை மற்றவர் வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்வதுதான் கோட் ரிவ்யூ. ஐபிஎம்மில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகன், 1976-லேயே இதற்கு முறையான நடைமுறையை வகுத்து எழுதினார். பிழை பிடிப்பது அதன் பாதிப் பயன்தான். ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்கப்படும்போதுதான், தன் மனதில் இருந்தது நிரலில் இல்லை என்பது எழுதியவருக்கு உறைக்கிறது. மூத்தவரின் நிரலைப் படிக்கும் புதியவரோ, எந்தப் பாடநூலிலும் இல்லாததைக் கற்கிறார்.

மைசூரில் இன்ஃபோசிஸின் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. கல்லூரி முடித்தவர்கள் அங்கே நிரல் பழகுகிறார்கள். அப்படி நிரல் எழுதும் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் நிரலில் யாராவது இருபது இடத்தில் குறி போட்டுத் திருப்பி அனுப்பினால் முகம் வாடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். அடுத்த வாரம் அவருடைய நிரலை வாங்கி நீங்களும் படியுங்கள்.